வாசகர் கேள்வி – பதில்: வேலூர்ச் சிப்பாயின் தலைப்பாகை

கேள்வி: 1/72 அளவில் வரும் பிளாஸ்டிக் ஆங்கிலேயக் காலாட்படைப் பொம்மைகளை மாற்றியமைத்து, 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் இருந்த மதராஸ் சிப்பாய்களை உருவாக்க விரும்புகிறேன். ஒவ்வொரு படத்திலும் தலைப்பாகை ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எதை நம்புவது? – வாசகர், குன்னூர்.

பதில்: தாங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டில் தலைப்பாகையே கிளர்ச்சிக்கு ஒரு காரணமாக இருந்ததால், இந்தக் கேள்வி வண்ணப்பூச்சுக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது. மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில், தோல் இலச்சினை பொருத்திய, ஐரோப்பியத் தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகை அறிவிக்கப்பட்டது. அதையொட்டி வந்த விதிகள் அணிவகுப்பில் நெற்றிக்குறியையும் காதணியையும் தடைசெய்தன. 1806 மே மாதம் வேலூரில் இருந்த சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்துத் தண்டனை பெற்றார்கள்; ஜூலை 10ஆம் நாள் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது; அதன்பின் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே, சீருடை விதிகளைக் காட்டும் படம் எதை அணியச் சொன்னார்கள் என்பதற்கே சான்றாகும். எதை அணிந்தார்கள் என்பதற்கு அதுவே போதாது. நானாக இருந்தால் பழைய தலைப்பாகையையே வைப்பேன். நெற்றிக்குறியையும் காதணியையும் மிக நுண்ணிய தூரிகை முனையால் கட்டாயம் இடுவேன். எதற்காக அந்த மனிதர்கள் உயிரைக் கொடுத்தார்களோ, அதை அவர்கள் உருவத்திலிருந்து நாம் நீக்கிவிடக் கூடாது.

உடலைப் பொறுத்தவரை வேலை எளிது. சிவப்பு மேலங்கி அப்படியே இருக்கட்டும். நீள்காற்சட்டையைத் தொடைவரை செதுக்கிக் குட்டைக் காற்சட்டையாக்கி, கீழே வெறுங்காலாக்கிச் செருப்பு வரையலாம். தொப்பியை அரத்தால் தேய்த்துவிட்டு, எம்-சீலை (இரு பகுதிகளைக் கலந்து பிசைந்தால் இறுகும் களிம்பு) மெல்லிய திரியாக உருட்டித் தலைப்பாகையாகச் சுற்றலாம். கழுத்துப்பட்டை, கைமடிப்பு ஆகியவற்றின் வண்ணம் ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் வேறுபடும் என்பதால், முதலில் ரெஜிமென்ட்டை முடிவுசெய்யுங்கள்; கிளர்ச்சியின்போது கோட்டையில் இருந்தவை 1ஆம் ரெஜிமென்ட்டும் 23ஆம் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாளமும். எதிரணிக்குச் சில பொம்மைகளை ஆங்கிலேயராகவே விட்டால், அங்கிருந்த 69ஆம் ரெஜிமென்ட்டுக்குக் கைமடிப்பில் பச்சை தீட்டுங்கள். ஆனால் வாட்டர்லூ போருக்கென விற்கப்படும் பொம்மைகளில் முன்பக்கம் உயர்ந்த தொப்பி இருந்தால், அது 1812க்குப் பிந்தையது. அதையும் மாற்ற வேண்டும்.

படங்களைப் பார்க்கையில் அவை எந்த ஆண்டில் தீட்டப்பட்டவை என்று கேளுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில், மைசூர்ப் படை ஆங்கிலேயக் கம்பெனிப் படையை வென்ற 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போரைக் காட்டும் சுவரோவியம் இருக்கிறது. திப்பு காலத்து ஓவியமான அது சிதைந்துபோய், 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவின் உத்தரவின்பேரில் மறுபடி தீட்டப்பட்டது. அணிவகுப்பின் அமைப்புக்கு அதை நம்பலாம், வண்ணத்துக்கு மட்டும் அதை ஒரே ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் உண்மையான சீருடைகளை ஒருமுறை நேரில் பார்ப்பது பல படங்களுக்குச் சமம். நெடுங்காலம் வெளிச்சம் பட்ட துணி வெளுத்திருக்கக்கூடும் என்பதால், மடிப்புக்குள் தெரியும் நிறத்தையும் கவனியுங்கள்.

கேள்வி: பனிமூட்டமான நாட்களில் ஸ்பிரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் இடும் அடிப்பூச்சு) வெண்மையாகப் பூத்துவிடுகிறதே? – வாசகர், கோத்தகிரி.

பதில்: காற்றின் ஈரமே காரணம். வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை ஸ்பிரேயைத் தவிர்த்து, தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரை மெல்லியதாக இருமுறை பூசி, ஒவ்வொரு பூச்சையும் நன்கு உலரவிடுங்கள். அதற்கு முன் பொம்மையைச் சோப்பு நீரில் கழுவ மறவாதீர்கள். அச்சின் எண்ணெய்ப்பசை இருந்தால் எந்தப் பிரைமரும் பிளாஸ்டிக்கில் ஒட்டாது.