அப்பத்தா அடுப்படியில் காளான்: புகைக்கூண்டு காற்றை இழுக்குமா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் ஐயா காலத்து வீடு. இரண்டாம் கட்டை ஒட்டிய பழைய அடுப்படியில் இப்போது யாரும் சமைப்பதில்லை. 12 அடிக்கு 10 அடி, உயரமும் 12 அடி. அதில் சிப்பிக் காளான் போடலாம் என்று இருக்கிறேன். செங்கல்லில் கட்டிய புகைக்கூண்டு ஒன்று இருக்கிறது, உள்ளே ஒரு அடி சதுரம். காற்றோட்டத்துக்கு அதுவே போதும் என்கிறார் என் மச்சான். கடைக்காரரோ 8 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை அதன் வாயில் மாட்டினால் முடிந்தது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி.

முதலில் மச்சான் கணக்கு. அப்பத்தா விறகு எரித்தபோது அந்தக் கூண்டு இழுத்தது அடுப்புச் சூட்டால். சூடான காற்று லேசாகி மேலே போனது. இப்போது அடுப்பு இல்லை. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் வெளியே அனலடிக்கும். கனத்த சுண்ணாம்புச் சுவருக்குள், அதுவும் நீங்கள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்கும் அறையில், காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். அந்த நேரத்தில் கூண்டு மேலே இழுக்காது. வெளிக்காற்றைப் பழைய கரியோடு சேர்த்துக் கீழே இறக்கும். விடியற்காலையில் நிலைமை மாறி, கொஞ்சம் மேலே இழுக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் பகல் இரண்டு மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் கூண்டின் வாயில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை போகும் திசையே சொல்லிவிடும். ஆக, ஃபேன் வேண்டும்.

அப்புறம் கடைக்காரர். குளியலறையில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் சுவரில் உள்ள ஓட்டை வழியே காற்றைத் தள்ளுவதற்கென்று செய்தது. இருபது அடி நீளக் குழாய்க்குள் தள்ளச் சொன்னால் இறக்கை சுற்றும், காற்று போகாது. குழாயில் ஓடுவதற்கென்றே இன்லைன் ஃபேன் என்று தனியாக விற்கிறார்கள். அதையே கேளுங்கள். ‘சிம்னி ஃபேன்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டும் சிம்னியை எடுத்துக் காட்டுவார்கள்.

அளவை அங்குலத்தில் பார்க்காதீர்கள். உங்கள் அறை 1,440 கன அடி, அதாவது ஏறக்குறைய 41 கன மீட்டர். காளான் மொட்டு விட்டபின், ஃபேன் ஓடும் நேரத்தில் மணிக்கு ஆறு முறை காற்று மாறும் வேகம் இருந்தால் நல்லது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 245 கன மீட்டர் வேண்டும். அட்டைப் பெட்டியில் போடும் எண் குழாயே இல்லாமல் அளந்தது. குழாய், வளைவு, வலை எல்லாம் சேர்ந்து அதில் நிறையவே தின்றுவிடும். அதனால் 400 கன மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். பால் பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) உள்ளதா, மோட்டார் ஈரம் புகாதபடி மூடியதா என்பதையும் கேளுங்கள். இந்த அறையில் ஈரப்பதம் 85 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். திறந்த மோட்டார் துருப்பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

இனி கூண்டு. அந்த ஈரக்காற்றை நேராகச் செங்கல்லுக்குள் விடாதீர்கள். ராத்திரியில் அது உள்ளே படிந்து, பழைய கரியைக் கரைத்து, சுவரில் கறுப்புக் கோடாக வடியும்; சுண்ணாம்பும் ஊறும். கூண்டை வெறும் வழியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் 160 எம்.எம். பிவிசி குழாயை இறக்குங்கள். 110 எம்.எம். சின்னது. சுருக்கு விழும் அலுமினியக் குழாய் மலிவுதான், ஆனால் காற்றைத் தடுக்கும். இறக்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். பல வருஷம் சும்மா கிடந்த கூண்டில் புறாவோ தேனடையோ வௌவாலோ இருக்கலாம். ஒட்டடை அடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். குழாயின் மேல் நுனியில் இரண்டு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு வாயைக் கீழே திருப்பிவிட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்காது. ஃபேனைக் கைக்கு எட்டும்படி கீழேயே வையுங்கள், துடைக்க வேண்டுமே. அதற்கு மேலே உள்ள இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். சிப்பிக் காளான் உதிர்க்கும் வித்துத்தூள் நாள்கணக்கில் மூச்சில் போனால் இருமல், ஒவ்வாமை எல்லாம் வரும். அது கூரைக்கு மேலே போகட்டும், வளவுக்குள் வரவேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அதே கூண்டில் வெந்நீர் அடுப்பு ஏதாவது சேர்கிறதா? அல்லது பக்கத்து அறையில் யாராவது விறகு எரிக்கிறார்களா? இருந்தால் இந்த ஏற்பாடே வேண்டாம். ஃபேன் இழுக்கிற இழுப்பில் புகையும், மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள் திரும்பும். உயிருக்கே ஆபத்து. பிவிசியும் சூடு தாங்காது.

வெளியேற்றினால் மட்டும் போதாது, உள்ளே வரவும் வழி வேண்டும். எதிர்ச் சுவரில் தாழ்வாக, குழாயைப் போல இரண்டு மடங்கு பரப்பில் ஒரு திறப்பு விட்டு, ஈ புகாத வலையும் நனைத்த சாக்கும் போடுங்கள். ஃபேன் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. காளான் விதை போட்ட பை வெள்ளையாகப் பூக்கும் வரை தேவையே இல்லை. மொட்டு வந்தபின் டைமர் போட்டு, பத்து நிமிடம் ஓட்டி இருபது நிமிடம் நிறுத்திப் பாருங்கள். காம்பு நீண்டு தலை சிறுத்தால் காற்று போதவில்லை. ஓரம் காய்ந்து வெடித்தால் கூடிவிட்டது. காளானைவிட நல்ல மீட்டர் கடையில் கிடைக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கோடையில் சிப்பிக் காளான் நம் ஊரில் படுத்தும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏபிகே 2 ரகப் பால் காளான் 30 டிகிரிக்கு மேலும் தாங்கும். மாசி முடிந்தால் அதற்கு மாறிவிடுங்கள். இன்னொன்று, புகைக்கூண்டு உங்கள் பங்கில்தான் இருக்கிறதா? பொதுவில் இருந்தால் கூரையில் கை வைக்கும் முன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபேன் செலவைவிட அந்தச் சண்டை செலவு பெரிது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய இன்லைன் ஃபேன் முதல் நாளே கரகரவென்று சத்தம் போடுகிறது, காற்றும் இல்லை. ‘நோ ரிட்டர்ன்’ என்று முன்பே போட்டிருந்தோம் என்கிறார் விற்றவர். விட்டுவிட வேண்டியதுதானா? (புதுவயல்)

பதில்: வேண்டாம். பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘நோ ரிட்டர்ன்’ வாசகம் அதை மாற்றாது. ஃபேன் ஓடுவதைச் சத்தத்தோடு வீடியோ எடுத்து, பில்லும் பொருளின் விவரப் பக்கத்தின் படமும் சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதிலும் முடியாவிட்டால், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் சிவகங்கை மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.