ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் மட்டும் இல்லை

கேள்வி: பக்கவாதம் வந்த 70 வயது அப்பாவுக்கு ஆக்குபேஷனல் தெரபி எடுக்கச் சொல்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் அதற்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை, தானாகவும் வராது. பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 60 நாள் வரை ஆகிற செலவைக் கேட்கலாம், சிலவற்றில் 90 அல்லது 180 நாள். அதற்குப் பிறகு எடுக்கிற தெரபி வெளிநோயாளிச் செலவு ஆகிவிடும், அதற்கென்று தனியாக ஓ.பி.டி. கவர் போட்டிருந்தால் ஒழிய உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் அப்பா இன்னும் வார்டில் இருக்கிறார், நாளையோ மறுநாளோ டிஸ்சார்ஜ் என்று தோன்றுகிறது. அப்படியானால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள். முதலில் போய் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்ற இரண்டு வார்த்தையை முழுசாக, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை நாள் என்பதோடு எழுதி வாங்குங்கள். ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள், அது போதாது. எங்களுக்கு அப்படித்தான் எழுதினார்கள், அதற்கு நான் பட்ட பாடுதான் கீழே இருப்பது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் இல்லை, டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அம்மாவுக்கு 71 வயது. திருச்சியில் எங்கள் தெருவில் முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். ஒரு ஆகஸ்ட் மாதம் காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம், வலது பக்கம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், கேஷ்லெஸ், அதில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. 14ஆம் தேதி வீட்டுக்கு வந்தோம்.

கால் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. பிசியோ தம்பி தினமும் வந்து நடக்க வைத்தார், மூன்றாவது வாரம் வாக்கரோடு வாசல் வரை வந்துவிட்டார் அம்மா. கைதான் வரவில்லை. சாதத்தைப் பிசைய முடியாது, இடது கையால் சாப்பிடவும் மாட்டார், ஊட்டிவிட்டால் அழுகை. எல்லாவற்றுக்கும் மேல் ஜாக்கெட் ஹூக். ஊருக்கெல்லாம் ஹூக் வைத்துக் கொடுத்த மனுஷி, தன் ஹூக்கைப் போட மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நைட்டி போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ரிவியூவுக்குப் போனபோது நியூராலஜிஸ்ட்தான், ‘ஏன் இன்னும் ஓ.டி. ஆரம்பிக்கவில்லை?’ என்று கேட்டார், ஆக்குபேஷனல் தெரபியைத்தான் அப்படிச் சொன்னார். எங்களிடம் யார் சொன்னார்கள் ஆரம்பிக்க? செப்டம்பர் 2ஆம் தேதி ஒரு பெண் தெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஆரம்பித்தார், ஒரு தடவைக்கு 600 ரூபாய், வாரம் நாலு நாள். பிசியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. (பிசியோ நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் வேலையால்தான் அம்மா எழுந்து நடந்தார்.) அந்தப் பெண் கையைப் பிடித்து நீட்டி மடக்குவதோடு நிற்கவில்லை. ஒரு தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி அதற்குள் புளியங்கொட்டையைப் புதைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுக்கச் சொன்னார். கரண்டிக் காம்பில் பஞ்சுக்குழாயைச் சுற்றிப் பெரிதாக்கினார். ஜாக்கெட் போடும்போது பலம் குறைந்த கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும் என்று ஒரு மணி நேரம் அதை மட்டும் பழக்கினார். பாத்ரூமுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் அடிக்க வேண்டும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

சரி, கிளெய்முக்கு வருகிறேன்.

60 நாள் அக்டோபர் 13ஆம் தேதியோடு முடிந்தது. 24 சிட்டிங், 14,400 ரூபாய். இந்தக் கடைசிக் கட்ட பில்களை, சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது பல பாலிசிகளில் இருக்கிற நிபந்தனை, 2020இல் வந்த ஆரோக்ய சஞ்சீவனி என்கிற பொதுப் பாலிசியிலும் அப்படித்தான். நான் பத்தாவது நாளே பிசியோ பில், மாத்திரை பில், தெரபி பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பின் அடித்து அனுப்பினேன். தெரபிஸ்ட் தன் பில்லில் ‘ஓ.டி. - 24 சிட்டிங்’ என்று எழுதியிருந்தார். அவர்கள் துறையில் அப்படித்தான் எழுதுவார்களாம், நானும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து டி.பி.ஏ.விலிருந்து, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்மைப் பார்க்கிற ஏஜென்சியிலிருந்து, மெயில். ‘ஓ.டி. கட்டணத்துக்கான அறுவை சிகிச்சைக் குறிப்பு, அறுவை செய்த மருத்துவர் பெயர், மயக்க மருந்துக் குறிப்பு ஆகியவற்றை அனுப்பவும்.’ இருபத்து நாலு தடவை அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனதாக நினைத்திருக்கிறார்கள். அதுவும் தியேட்டர் வாடகை 600 ரூபாய்க்கு! போன் போட்டு, அது ஆக்குபேஷனல் தெரபி சார் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அந்த ஆள் கேட்டார்: ‘பேஷண்ட் ரிட்டயர்டு என்று போட்டிருக்கிறதே, ஆக்குபேஷன் என்ன?’ சத்தியமாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, போனைச் சுவரில் அடிக்கவும் தோன்றியது. ஆக்குபேஷன் என்றால் இங்கே சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை, குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, இதெல்லாம்தான் ஒரு வயதான மனுஷியின் அன்றாடத் தொழில் என்று விளக்கிச் சொன்னேன். சொன்னது தப்பாகப் போயிற்று. ஏனென்றால் அடுத்து வந்த கடிதத்தில் அந்தக் குளிப்பதையும் உடுத்துவதையும் வைத்தே நிராகரித்துவிட்டார்கள்.

உங்கள் பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் பாருங்கள். ‘Excl05’ என்று ஒரு குறியீடு இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்த வாசகம் அது. ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் ஆகிற செலவு கிடையாது என்று தலைப்பு. உள்ளே, குளிக்க, உடுத்த, நடமாட உதவி செய்கிற பராமரிப்புக்கும் பணம் கிடையாது என்று வரும். இதைத்தான் தூக்கிக் காட்டினார்கள்.

இங்கேதான் ‘பாலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது அழுவானேன்’ என்று யாராவது வருவீர்கள். ஒத்துக்கொள்கிறேன், கையெழுத்துப் போடும்போது படிக்கவில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்த வாரம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். படித்தால், அந்த விலக்கு ஆரம்பிப்பதே ‘சிகிச்சைக்காக இல்லாமல் முக்கியமாகப் படுக்கை ஓய்வுக்காக அனுமதிக்கப்பட்டால்’ என்றுதான். அம்மாவை யாரும் ஓய்வுக்காக எங்கேயும் அனுமதிக்கவில்லை. அடுத்து, உடுத்திவிடுவது வேறு, உடுத்தக் கற்றுக்கொடுப்பது வேறு. ஆயா வந்து ஹூக் போட்டுவிட்டால் பராமரிப்பு, காசு தராதே, நியாயம். தெரபிஸ்ட் வந்து அந்த விரலை ஹூக் போட வைத்தால் அது சிகிச்சை, பக்கவாதத்துக்கு மாத்திரை எப்படியோ அப்படி. இந்த வாதத்தை ஒரு பக்கத்தில் எழுதினேன். நியூராலஜிஸ்ட்டிடம் போய், ஆக்குபேஷனல் தெரபி இந்த நோய்க்கான சிகிச்சையின் பகுதிதான், பராமரிப்புச் சேவை இல்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். தெரபிஸ்ட்டிடம் பழைய பில்லைக் கொடுத்துவிட்டு, சுருக்காமல் முழுப்பெயர், தேதிவாரியாக என்ன பயிற்சி, அவருடைய படிப்பு, பதிவு எண் எல்லாம் போட்டுப் புது பில் வாங்கினேன். ஆக்குபேஷனல் தெரபி 2021ஆம் வருஷத்து தேசியச் சட்டத்தில் இடம் பெற்ற துறை என்பதையும் ஒரு வரி சேர்த்தேன், மசாஜ் சென்டர் பில் மாதிரி அவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக.

நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எல்லாம் போயிற்று. ஒரு மாதம் பதிலே இல்லை. அப்படியிருந்தால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர்) போகலாம், நம் ஊருக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, ஆன்லைனிலும் போடலாம், பைசா கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நிறுவனம் நிராகரித்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். என்னுடைய பதினாலாயிரத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். மாமா கூட, ‘ஏன்டா இதுக்குப் போய் அலையறே, விடு’ என்றார். விட முடியவில்லை. மனுவைப் போட்டு, விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே நிறுவனத்திலிருந்து போன் வந்தது, ‘செட்டில் பண்ணிவிடுகிறோம், வாபஸ் வாங்குங்கள்’ என்று. பாலிசியில் 20 சதவீதம் நம் பங்கு, அது போக 11,520 ரூபாய் வந்தது.

வந்த பணத்தை எடுத்த கதை தனி. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கும் கையெழுத்து மாறியிருக்கும். பணம் அம்மா கணக்குக்குத்தான் வந்தது. செக்கில் அம்மா போட்ட கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது, வங்கியில் பொருந்தவில்லை என்றார்கள். நேரில் கூட்டி வாருங்கள். கிளை முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. நானும் கீழே டீக்கடையில் இருந்த ஒரு பையனும் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் பத்தொன்பது படி ஏறினோம். படி திரும்புகிற இடத்தில் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். மேலே போனால் ஒரு கைரேகை, இரண்டு நிமிஷ வேலை. 70 வயது தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வங்கி வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு அங்கே இருந்த ஒருத்தருக்குக் கூடவா தெரியாது?

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கணக்குப் போட வேண்டியது இதுதான்: எங்களுக்கு மொத்தம் 70 சிட்டிங் ஆயிற்று, 42,000 ரூபாய். அதில் இன்சூரன்ஸ் கொடுத்தது அந்த 11,520 மட்டும். மீதி 46 சிட்டிங்கும் 60 நாளுக்கு வெளியே. டிஸ்சார்ஜ் ஆன உடனே ஆரம்பித்திருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து சிட்டிங் உள்ளே வந்திருக்கும், அந்த 19 நாளை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கமோடு நாற்காலி, வாக்கர், பாத்ரூம் கம்பிக்கெல்லாம் பொதுவாகப் பணம் வராது, கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ‘ஒரு மாதம் ரீஹாப் சென்டரில் சேர்த்துவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால், சேர்ப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் மெயிலில் பதில் வாங்குங்கள், அங்கே அந்த 05ஆம் விலக்கு நன்றாகவே பொருந்தும்.

அரசுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 70 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத்தை விரித்தார்கள், நல்லதுதான், ஆனால் அது உள்நோயாளிச் சிகிச்சைக்கானது, டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள்தான். பதினைந்து நாளில் எந்த விரல் வரும்? அதே மத்திய அரசு ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை உள்ளவர்களுக்காக வைத்திருக்கிற நிராமயா காப்பீட்டில் தெரபிக்கென்றே பணம் ஒதுக்கியிருக்கிறது. ஆக தெரபிக்குக் காப்பீடு தரவே முடியாது என்றில்லை, கிழவர்களுக்கு என்று வரும்போது யாருக்கும் தோன்றவில்லை. காசு கட்டுப்படியாகாது என்றால் சென்னையில் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே பல பத்தாண்டுகளாகத் தனிப் பிரிவு இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் ஆட்கள் உங்கள் பகுதிக்கு வந்தால் கேளுங்கள், அதில் வீட்டுக்கு வந்து செய்கிற பிசியோ உண்டு.

இவ்வளவு செலவு செய்து பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். நடுவில் சலித்துப்போய் நான் ஆறு ஜாக்கெட்டுக்கு ஹூக்கை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘பர்ருனு ஸ்கூல் பேக் மாதிரி சத்தம் போடுது, எடுத்துட்டுப் போடா’ என்றார். அந்த ஆறும் பீரோவில் மடித்தபடியே கிடக்கின்றன. இப்போது ஐந்து ஹூக்கில் கீழ் மூன்றும் அவரே போட்டுக்கொள்கிறார், மேல் இரண்டுக்கு இன்னும் மருமகளைக் கூப்பிடுகிறார்.

டிஸ்சார்ஜ் தேதியையும் பாலிசியில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்பதையும் கருத்தில் எழுதுங்கள், நாளைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.