வெளுத்த திரைக்குச் சாயம்: உப்பு மட்டும் போதாது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “சந்தன நிற ஜன்னல் திரைகள் வெளுத்துவிட்டன. ஓணத்துக்குப் புதிது வாங்க வழியில்லை. போன வருஷம் சாயப் பாக்கெட் வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் உப்பு போட்டு ஒரு திரையை முக்கினேன். இரண்டு துவைப்பில் பாதிச் சாயம் போய்விட்டது. சாயம் நிற்க என்ன செய்ய வேண்டும்?”

முதலில் திரையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் தொட்டால் உதிர்கிற சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணி போல நின்றால் பாலியஸ்டர். பாலியஸ்டருக்கு வேறு சாயம், கொதிநிலைச் சூடு எல்லாம் வேண்டும். வீட்டில் அந்த வம்பு வேண்டாம்.

பருத்தி என்றால் சரி. நீங்கள் வாங்கியது அநேகமாக டைரக்ட் சாயமாக இருக்கும். அது நூலோடு ஒட்டிக்கொள்ளுமே தவிரப் பிணையாது. துவைக்கத் துவைக்க இறங்கும். கடையில் ‘ரியாக்டிவ் சாயம், பச்சைத் தண்ணீரில் ஏறுவது’ என்று கேளுங்கள். 1956-லிருந்து விற்பனையில் இருக்கும் ரகம்தான். இதிலும் உப்பின் வேலை, சாயத்தை நூல் பக்கம் தள்ளுவது மட்டுமே. நூலோடு பூட்டுவது சலவைச் சோடா. சமையல் சோடாவை வாங்கி வந்துவிடாதீர்கள்.

ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர், 30 கிராம் சாயம், முக்கால் கிலோ உப்பு, 300 கிராம் சலவைச் சோடா. முந்தின நாளே சோப்புப் போட்டு அலசி, கஞ்சி முழுக்கப் போக்கிவிடுங்கள். கஞ்சி இருந்தால் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். சாயமும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஈரத்துணியை விரித்தபடி இறக்கி, அரை மணி நேரம் விடாமல் புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நிறம் சீராக வருவது இந்த அரை மணியில்தான். சோடாவை வெந்நீரில் தனியாகக் கரைத்து, துணியை ஒதுக்கிவிட்டு ஓரமாக ஊற்றுங்கள். நேராகத் துணிமேல் ஊற்றினால் அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம், இடையிடையே புரட்டினால் போதும்.

சோடா சேர்ந்த சாயத்தண்ணீர் சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைப்பதில் பயனில்லை.

உங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீராக இருந்தால் சோடா பட்டதும் சுண்ணாம்பு போல வெள்ளையாகத் திரண்டு துணியில் படியும், நிறம் மங்கும். கூரையில் விழுகிற மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஓணத்துக்கு முன் கிடைக்கும்.

பிளாஸ்டிக் வாளி அல்லது எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியக் குண்டானில் சோடாவை ஊற்றி, நுரைத்து அரித்துப்போன பாத்திரம் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் கிடக்கிறது. சாயத்துக்கு எடுத்த பாத்திரம் பிறகு சமையலுக்கு ஆகாது. பொடியைக் கரைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், கையுறையும் போடுங்கள்; இந்தப் பொடி சிலருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும்.

நிறம் தேர்வதில் ஒரு கணக்கு உண்டு. சந்தன நிறத்தின்மேல் நீலம் போட்டால் பச்சையோடித்தான் வரும். மெரூன், அடர் காப்பி நிறம் உங்களுக்குப் பொருந்தும். வெயில் பட்டு வெளுத்த பட்டைகள் சாயத்துக்குப் பிறகும் லேசாகத் தெரியும். அடர் நிறம் அதை ஓரளவு மறைக்கும். தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் பழைய நிறத்திலேயே நிற்கும். மெரூனில் வெளிர் தையல் எனக்குப் பிடிக்கும், உங்களுக்கு எப்படியோ. கசவுக் கரை வைத்த பழைய முண்டு வேட்டியை இதே வாளியில் போட நினைத்தால் வேண்டாம், சோடாவில் ஜரிகை மங்கலாம்.

கடைசியில் பச்சைத் தண்ணீரில் நான்கைந்து முறை அலசுங்கள். சாயம் கொட்டும், பயப்படாதீர்கள். அது நூலில் பூட்டாமல் போன மிச்சம். பிறகு நல்ல சூட்டில் சோப்புத் தண்ணீர், தண்ணீர் தெளிகிற வரை. நிழலில் காயப்போடுங்கள். அடுத்த இரண்டு துவைப்புக்கு வெள்ளை வேட்டிகள் பக்கமே திரை போகக் கூடாது.