வாசகர் கேள்வி: டெக்கில் அடித்த ஸ்டெயின் ஏன் உரிகிறது?

கேள்வி: எங்கள் கொல்லைப்புறத்தில் 12க்கு 16 அடியில் ஒரு மர டெக் (திறந்தவெளி மேடை) இருக்கிறது, பிரஷர் ட்ரீட்டட் பைன், அதாவது உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம். போன ஜூனில் பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்து நன்றாகக் கழுவி, மறுநாளே செமி-சாலிட் ஸ்டெயின் (மரத்தின் ரேகையைப் பெரும்பாலும் மறைக்கும் நிறப்பூச்சு) இரண்டு கோட் அடித்தேன். இப்போது பனி உருகியதும் பார்த்தால் அப்பளம் பொரிந்த மாதிரி உரிந்து வருகிறது. கடையில் இன்னும் விலை கூடிய ஸ்டெயினை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வாங்காதீர்கள். கோளாறு டப்பாவில் இல்லை. "மறுநாளே" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது. கழுவிய பலகை மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே தண்ணீர் நிற்கும். ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்த மரம் ஸ்டெயினை எங்கே குடிக்கும்? அது மேலேயே படலமாகத் தங்கிவிட்டது, அதன் மேல் இரண்டாவது கோட்டும் ஏறியது, குளிர்காலத்தில் அதன் அடியில் புகுந்த ஈரம் உறைந்து விரிந்ததும் எல்லாம் சேர்ந்து கழன்றுவிட்டது.

பிரஷர் வாஷரும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும். வாடகைக்குக் கிடைக்கும் பெட்ரோல் மெஷின்கள் பலவும் 3000 பி.எஸ்.ஐ. (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) போகும், பைனுக்கு 500, 600 போதும். குனிந்து பலகையைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். தேங்காய் நார் மாதிரி மெல்லிசாகக் குத்தினால், தண்ணீர் வேகத்தில் மரத்தின் நார் எழுந்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த நாரில் எதை அடித்தாலும் பிடிக்காது.

உப்புத்தாள் எடுப்பதற்கு முன் ஒரு விஷயம், இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். டெக் எந்த ஆண்டு கட்டியது என்று விசாரியுங்கள். 2003 கடைசி வரை வீட்டு மரத்துக்கு சி.சி.ஏ. என்ற மருந்தை ஏற்றினார்கள், அதில் ஆர்சனிக் உண்டு. டெக் அந்தக் காலத்தது என்றால் தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூசி குழந்தைகள் விளையாடும் மண்ணில்தான் போய் விழும். மிச்சப் பலகையை எரிக்கவும் கூடாது.

அதற்குப் பிறகு கட்டியது என்றால் சரி, வேலையை ஆரம்பிக்கலாம். முதலில் டெக் ஸ்ட்ரிப்பர் ஊற்றி, பழைய ஸ்டெயின் இளகியதும் விறைப்பான நைலான் பிரஷால் தேய்த்து எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஓரத்துச் செடிகளை முன்னாலேயே தண்ணீரில் நனைத்துவிடுங்கள். நன்றாக அலசியபின் ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த பிரைட்னர். ஸ்ட்ரிப்பரின் காரத்தை முறிப்பதும், ஆணியைச் சுற்றி இருக்கும் கறுப்புக் கறையையும் வெயிலில் வெளுத்த சாம்பல் நிறத்தையும் எடுப்பதும் இதுதான். குளோரின் பிளீச் போட்டால் வெள்ளையாவது போலத் தெரியும், ஆனால் அது மரத்தையே அரிக்கும்.

அப்புறம் காய விடுங்கள். எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள், மரத்தைக் கேளுங்கள். நாலைந்து இடத்தில், முக்கியமாக நிழல் விழும் மூலையில், ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் இன்னும் நேரம் வரவில்லை. பத்து நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டால் தயார். காய்ந்தபின் 60 அல்லது 80ஆம் எண் உப்புத்தாளால் நார் போகத் தேய்த்தால் போதும். வழுவழுவென்று வரட்டும் என்று 220 வரை போனால் மரத்தின் துளை அடைபட்டு மறுபடியும் இதே கதைதான். தேய்க்கும்போது மேலே எழும்பிய ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, துரு ஏறாத ஸ்க்ரூ போடுங்கள். மரத்தில் ஏற்றிய தாமிர மருந்து சாதாரண ஆணியைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஸ்டெயினில் நான் சொல்வது எண்ணெய்க் கலவையில் செமி-டிரான்ஸ்பரன்ட், அதாவது மரத்தின் ரேகை தெரியும்படி விடும் வகை. இரண்டு மூன்று வருடத்தில் மங்கும், ஆனால் உரியாமல் மங்கும், கழுவிவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம். உங்கள் அளவுக்கு 192 சதுர அடி, கைப்பிடி தனி. பழைய மரம் நிறையக் குடிக்கும், ஒரு கேலன் 150லிருந்து 250 சதுர அடிதான் வரும். இரண்டு கேலன் வாங்கி ஒரே வாளியில் கலந்துகொண்டால் பாதியில் நிறம் மாறாது. இரண்டு மூன்று பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பட்டையாகத் தெரியும். பலகையின் வெட்டுமுனையில் மட்டும் இரண்டு தடவை. கால் மணி நேரம் கழித்தும் பளபளவென்று எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே துணியால் துடையுங்கள், மரத்துக்கு அது வேண்டாம் என்று அர்த்தம்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். என் முதல் டெக்கை முடித்த அன்று துணிகளைப் பந்தாக்கி கராஜ் மூலையில் வீசிவிட்டுச் சாப்பிடப் போனேன். ராத்திரி எண்ணெய் காந்தும் வாடை வந்து ஓடிப் பார்த்தால், பந்தின் நடுவே கை வைக்க முடியாத சூடு, துணி பழுப்பேறிக் கிடந்தது. நெருப்பே வேண்டாம், எண்ணெய் காயும்போது வரும் சூடே பற்றவைக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்க வைத்து மூடுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "வாசல் கதவுக்குத் தேங்காய் எண்ணெய்தானே போடுவோம், இதற்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்கிறார். டெக்குக்கும் போடலாமா?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: அம்மா சொல்வது அந்தக் கதவுக்குப் பொருந்தும். அது வைரம் பாய்ந்த தேக்கு, மேலே சன்ஷேடு, மழை நேராக விழாது, வாரம் ஒரு முறை யாராவது துடைப்பார்கள். உங்கள் டெக்கோ வெயிலிலும் பனியிலும் திறந்து கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் ஜாதி இல்லை, பிசுக்காகவே இருந்து தூசியைப் பிடிக்கும், பூஞ்சணத்துக்குத் தீனியாகும். ஆளி விதை எண்ணெய் இறுகும், ஆனால் வெறுமனே பூசினால் அதுவும் வெளியில் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலைத் தடுப்பது ஸ்டெயினில் இருக்கும் நிறத்தூள்தான், வெறும் எண்ணெய் எதிலும் அது கிடையாது.

கேள்வி: டாலஸ் வெயிலில் எப்போது ஸ்டெயின் அடிப்பது? டெக் மேற்குப் பக்கம் இருக்கிறது.
– வாசகர், டெக்சஸ்

பதில்: முடிந்தால் அக்டோபர் வரை பொறுங்கள். முடியாது என்றால் காலையில், பனித்துளி காய்ந்ததும், வீட்டு நிழல் டெக் மேல் இருக்கும்போதே. சாயங்காலம் வேண்டாம், மேற்குப் பக்கப் பலகை அன்றைய வெயில் முழுவதையும் வாங்கி வைத்திருக்கும். வெறுங்காலை வைத்துப் பாருங்கள். சுட்டால், ஸ்டெயின் உள்ளே இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும்.