பதிவை நிறுத்திய பிறகும் கண் நிற்பதில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் சார்ஜன்டாகப் பணியாற்றுகிறேன். நீண்ட காலம் வீதியில் நின்று வாகனங்களை மறித்துச் சோதிப்பதே என் வேலையாக இருந்தது. முழங்கால் தேய்மானத்தால் தொடர்ந்து நிற்க முடியாமற் போனபின், கமராப் பதிவுகளைப் பார்த்து வீதி ஒழுங்கு மீறல்களைக் குறித்தெடுக்கும் பணி தரப்பட்டது. கொழும்பில் 2024 ஜனவரியில் தொடங்கிய சிசிடிவி நடைமுறையைப் போல எங்கள் வேலை ஒழுங்காக அமைந்ததன்று. சந்தியிலுள்ள கமரா, கடை வாசலிலுள்ள கமரா, வாகனத்தின் முன்கண்ணாடியில் பொருத்திய கமரா, பொதுமக்கள் கைபேசியில் எடுத்துத் தரும் காணொளி என்று கிடைப்பவற்றையெல்லாம் பார்த்து, இலக்கத் தகட்டை வாசித்து, நேரத்தைக் குறித்து, தேவையானவற்றை நீதவான் நீதிமன்றத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும்.

தலைக்கவசம் இல்லாமல் போகிறவர்களையும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்துகிறவர்களையும் நாள் முழுவதும் பார்ப்பது சலிப்பைத் தருமே தவிர வேறொன்றும் செய்யாது. விபத்துப் பதிவுகள்தான் என்னை மாற்றிவிட்டன. சில மாதங்களுக்கு முன் கல்முனை வீதியில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கைப்பிடியின் ஒரு பக்கத்தில் கயிற்றில் கோத்த இரண்டு தயிர்ச் சட்டிகள் தொங்கின. முந்திச் செல்ல முயன்ற பஸ் ஒன்று எதிரே வந்து மோதியது. அந்தப் பதிவில் முதலில் என் கண்ணில் பட்டது அவர் அல்லர். வீதியில் வெள்ளையாகப் பரவிய தயிர்தான். பஸ் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டியது என்பதை நிறுவுவதற்காக அந்தப் பதிவை மெதுவாக ஓட்டியும், பின்னால் கொண்டுபோயும், காட்சி காட்சியாக நிறுத்தியும் பலமுறை பார்க்க வேண்டியிருந்தது. இன்றுவரை வீட்டில் தயிர் பரிமாறினால் நான் பந்தியிலிருந்து எழுந்து விடுகிறேன். காரணத்தை மனைவிக்குச் சொல்லவில்லை.

எங்கள் பிரிவில் தமிழ் சரளமாகப் பேசுகிறவர்கள் குறைவு. ஆகையால் உறவினர்கள் வந்தால் விளக்கம் சொல்லும் பொறுப்பும் என்னுடையதே. அந்த இளைஞரின் தாயார் வந்தபோது பதிவைப் பார்க்க வேண்டாம் என்று கூறிவிட்டு, "தம்பி, எண்ட புள்ள ஏதும் சொன்னவனா?" என்று மட்டும் கேட்டார். அது கடையொன்றின் கமராவில் பதிவானது. அதில் ஒலி இல்லை. நான் பதில் சொல்லாமல் நின்றேன். ஓட்டோக்காரர் ஒருவர் ஓடிவந்து அவருடைய தலையை மடியில் ஏந்திக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை இருந்ததைப் பார்த்திருந்தும், அதையாவது சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்று முதல் இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. கண்ணை மூடினால் பஸ் கோட்டைத் தாண்டுவதற்கு முந்திய அந்த ஓரிரு விநாடிகளே வருகின்றன. அந்த இளைஞர் கொஞ்சம் பிந்திப் புறப்பட்டிருந்தால், பஸ் சாரதி ஒரு முறை எதிரே பார்த்திருந்தால் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டேயிருக்கிறது. உயர்தரம் படிக்கும் என் மகன் அண்மையில்தான் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் எடுத்தான். ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலம் கடந்து நகரத்துக்கு வகுப்புக்குப் போகிறான். அவன் போய்ச் சேரும்வரை நான் அழைத்துக்கொண்டே இருக்கிறேன். எடுக்காவிட்டால் கை நடுங்குகிறது. வீடு திரும்பியதும் அவன்மேல் எரிந்து விழுகிறேன். நான் யுத்த காலத்தையும் 2004 சுனாமியையும் கண்ட மனிதன். அவற்றைத் தாண்டி வந்த எனக்கு, கதிரையில் அமர்ந்து திரையைப் பார்க்கிற வேலை இப்படிச் செய்யுமா? இது மனநோயா? இடமாற்றம் கேட்க வேண்டுமா? வைத்தியரிடம் போனால் பொலிஸில் என் பெயர் கெட்டுவிடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மட்டக்களப்பு மாவட்டம்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தேன். "கதிரையில் அமர்ந்து திரையைப் பார்க்கிற வேலை இப்படிச் செய்யுமா" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வேதனையின் மேல் வெட்கம் ஏறி உட்கார்ந்திருப்பது அந்த இடத்தில்தான். செய்யும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட உளநோய் வகைப்பாட்டில், அதிர்ச்சிக்குப் பிந்திய மனஅழுத்தச் சீர்குலைவுக்கான காரணங்களில் ஒன்றாக, கொடிய நிகழ்வுகளின் விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் சேர்க்கப்பட்டுள்ளது. தொலைக்காட்சியிலோ காணொளியிலோ சாதாரணமாகப் பார்ப்பது அந்த வரையறைக்குள் வராது என்று கூறும் அதே நூல், தொழிலின் பொருட்டுப் பார்ப்பதை மட்டும் விதிவிலக்காக்குகிறது. பொலிஸ் உத்தியோகத்தர்களை உதாரணமாகவே குறிப்பிடுகிறது. பிறர் செய்தியில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கைபேசியை ஓரமாக வைத்துவிடுவார்கள். நீங்களோ கண்ணை எடுக்கக் கூடாத கட்டாயத்தில், அதே காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறீர்கள். யுத்தத்தையும் சுனாமியையும் தாண்டியது இதற்கு எதிரான காப்பு ஆகாது. சிலருக்கு அந்தப் பழைய பாரமே புதியதைத் தாங்கும் இடத்தைக் குறைத்து விடுகிறது. உங்களுக்கு அப்படித்தானா என்பதை நேரில் பேசித்தான் அறிய முடியும்.

நீங்கள் எழுதியவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, அந்த முந்திய ஓரிரு விநாடிகளைப் பற்றிய உங்கள் கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் நகர்ந்துவிடும். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி எடுத்தால், வேகம் குறையத் தொடங்கு முன்னரே 20 மீற்றருக்கு மேல் போயிருக்கும். இதை எனக்குச் சொல்லித் தரக்கூடியவர் நீங்கள். ஆனால் திரையில் அந்த ஒன்றரை விநாடி அரை நிமிடமாக விரிகிறது; அந்த அரை நிமிடத்துக்குள் எத்தனையோ வழிகள் திறந்திருந்ததாக மனத்துக்குத் தோன்றுகிறது. இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வன்செயல் ஒன்றின் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தவர்கள், இயல்பான வேகத்தில் பார்த்தவர்களைவிட அதிகமாக, அதைச் செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று கருதினர். செய்தவருக்கு யோசிக்கக் கூடுதல் நேரம் இருந்தது என்ற மயக்கமே அதற்குக் காரணமென அவர்கள் கண்டனர். நடந்து முடிந்ததை அறிந்தபின் அதை முன்பே கணித்திருக்கலாம் என்று நம்பும் மனப்போக்கை பாருக் ஃபிஷோஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே பரிசோதனைகளில் காட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்து உங்கள் இரவுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீதியில் இருந்த எவருக்கும் கிடைக்காத நேரத்தைப் பதிவு உங்களுக்குக் கொடுத்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஒவ்வோர் இரவும் அந்த இளைஞரைக் காப்பாற்ற முயல்கிறீர்கள், அது கூடிவராதபோது குற்றவுணர்வோடு விழித்திருக்கிறீர்கள். மெதுவாக ஓட்டுவது வழக்குக்குத் தேவை. ஆயினும் அந்த வேலை முடிந்ததும், பதிவை ஒரு முறை இயல்பான வேகத்தில், வேறொருவர் பக்கத்தில் இருக்க, ஓடவிட்டுப் பார்த்த பின்னரே கோப்பை மூடுங்கள். உண்மையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் கண்ணும் அறிந்துகொள்ளட்டும். இரவில் காட்சி வந்து உறுத்தும் இப்போதைய நிலையில் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்து இப்படிச் செய்ய வேண்டாம்; இனி வரும் பதிவுகளுக்காகவே சொல்கிறேன்.

மகனைப் பற்றிய பயமும் இதன் கிளைதான். கல்லடிப் பாலத்தை ஒரு நாளில் எத்தனையோ பேர் கடந்து நலமாக வீடு சேர்கிறார்கள். அவர்களுடைய பதிவுகள் உங்கள் மேசைக்கு வருவதில்லை. தவறியவை மட்டும் வடிகட்டி உங்களிடம் வருகின்றன. எளிதில் நினைவுக்கு வருவதே அடிக்கடி நடப்பது என்று மனம் எடைபோடும் என்பதை ட்வெர்ஸ்கி, கானமன் இருவரும் 1973இல் எழுதினார்கள். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள் என்பதால் உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். மகனின் தலைக்கவசப் பட்டியை இழுத்துப் பார்ப்பது, ஈரமான வீதியில் வேகத்தைக் குறைக்கச் சொல்வது எல்லாம் தகப்பனின் அக்கறை, அவற்றை விடாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவனை அழைத்துக்கொண்டேயிருப்பது வேறு. சட்டைப் பையில் மணி அடித்துக்கொண்டிருக்க, பாலத்தின் நடுவில் ஒரு பிள்ளை கைபேசியை எடுக்கக் கை நீட்டினால் என்ன ஆகும் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். வகுப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அவன் ஒரு செய்தி அனுப்பட்டும், புறப்படும்போது இன்னொன்று; இடையில் நீங்கள் அழைப்பதில்லை என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். முதல் சில நாட்கள் கை நடுங்கும். அழைக்காமல் அதைத் தாங்கும் ஒவ்வொரு முறையும் நடுக்கம் சிறிது தணியும். ஏன் எரிந்து விழுகிறீர்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். அப்பாவுக்குத் தன்மேல் நம்பிக்கையில்லை என்றுதான் அவன் இப்போது நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

மனைவிக்கும் சொல்லத்தான் வேண்டும். விபத்தின் விவரங்கள் வேண்டாம். "ஒரு பதிவில் பார்த்தது தயிரைக் கண்டால் நினைவுக்கு வருகிறது" என்ற அளவு போதும். தாம் வைத்த சாப்பாட்டை விட்டு எழும் கணவரைப் பற்றி அவர் எதையெல்லாம் எண்ணிக் கலங்குகிறாரோ தெரியாது. தயிரைப் பலவந்தமாகச் சாப்பிட முயலாதீர்கள். படிப்படியாக அதை நெருங்கும் முறை சிகிச்சையில் உண்டு, அதை வழிகாட்டுநருடன் செய்வதே நல்லது.

அந்தத் தாயாரின் கேள்வி என் மனத்தையும் விட்டுப் போகவில்லை. அவர் உங்களிடம் சாட்சியம் கேட்கவில்லை. பிள்ளை தனியாகக் கிடந்தானா என்பதையே கேட்டார் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் நின்ற மௌனத்தில் பிழை எதுவும் இல்லை. பொய் சொல்லாமல் காத்தீர்கள். ஆனால் அவருக்குத் தரக்கூடிய உண்மையான பதில் உங்களிடம் இருக்கிறது. வழக்குக்குப் பாதகம் வராதபடி, பொறுப்பதிகாரியின் அனுமதியுடன், "பதிவில் சத்தம் இல்லை அம்மா, அவர் பேசினாரா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் ஒருவர் அம்புலன்ஸ் வரும்வரை அவரது தலையை மடியில் வைத்திருந்தார்" என்று சொல்லலாம். கேட்க அவருக்கு விருப்பமா என்பதை முதலில் குடும்பத்தில் ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சில மாற்றங்களைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. மரணம் நிகழ்ந்த பதிவுகள் ஒருவர் தலையிலேயே விழாமல் பங்கிடப்பட வேண்டும். கடமை முடியும் நேரத்தில் அவற்றைத் திறக்கக் கூடாது, ஏனெனில் கடைசியாகப் பார்த்ததையே வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள். கைபேசிக் காணொளிகளில் அலறல் இருக்கும். ஒலி வழக்குக்குத் தேவைப்படாதவரை அதை அணைத்து, படத்தைச் சிறிதாக்கி, முடிந்தால் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கொடிய காட்சிகளைப் பரிசீலிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் கைக்கொள்ளும் முறைகள் இவை. முதல் முறை பார்க்கும்போதே தேவையான இடங்களின் நேரத்தைக் குறித்துவைத்தால், அடுத்த முறை முழுவதையும் ஓட்ட வேண்டியிராது. உறவினர்களைச் சந்திக்கும்போது இன்னொரு உத்தியோகத்தர் உடனிருக்கட்டும், அவருக்குத் தமிழ் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. இடமாற்றத்தைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். தூக்கம் சீரான பிறகும், இந்த மாற்றங்கள் கிடைத்த பிறகும் தாங்க முடியவில்லையென்றால் கேளுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

இது மனநோயா என்பதைக் கடிதத்தின் மூலம் நான் தீர்மானிக்கக் கூடாது. தூக்கமின்மை, காட்சி தானாகத் திரும்பி வருதல், தயிரைத் தவிர்த்தல், மகனைப் பற்றிய ஓயாத விழிப்பு, எரிச்சல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதால் உளமருத்துவர் ஒருவரைக் காண வேண்டிய கட்டம் வந்துவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உள்ளது. எல்லாப் பொதுமக்களையும் போல நீங்களும் அங்கே போகலாம். நோயாளி சொல்வதை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் தொழில் நெறி. உங்கள் தயக்கத்தையே முதல் வசனமாக அவரிடம் சொல்லிவிடுங்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுவழிச் சிகிச்சைகள் இந்நிலைக்கு நன்கு பயன்படுபவை. தூக்கத்துக்காக மதுவை மட்டும் நாட வேண்டாம். உயிரை விட்டுவிடலாமோ என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அந்த நேரமே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அன்று கடமைக்காகத் துப்பாக்கி எடுக்க வேண்டியிருந்தால், எடுக்க முடியாது என்று பொறுப்பதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். வைத்தியசாலைக்குப் போகும் நாளில் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், நீங்கள் இரவில் எப்படி விழித்துக்கொள்கிறீர்கள் என்பதை அவரால் தான் சரியாகச் சொல்ல முடியும்.