மலையகத்து உக்கின கல்லுக்கு விலை உண்டா?

“மலையகத்தில் ரோட்டுக்கு வெட்டின கரையில் பாறை மாதிரித் தெரிவது விரலால் குத்தினாலே உதிர்கிறதே, அது கல்லா மண்ணா? ஏதும் பிரயோசனம் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்தான், உக்கின கல். நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன். அப்பா தோட்டத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது மண்வெட்டி சுகமாக இறங்கிக்கொண்டே போகும், திடீரென்று ‘டங்’ என்று ஒரு குண்டுக்கல் மறிக்கும். அதைச் சுற்றி வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உரியும். உக்காமல் மிஞ்சின நடுப்பகுதிதான் அந்தக் குண்டு.

மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இருக்கிற கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகப் பாறை வெடிப்புக்குள் இறங்குகிறது. பாறையில் இருக்கிற ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களியாக மாறுகிறது. சுண்ணமும் பொட்டாசியமும் கரைந்து ஆற்றோடு போய்விடும். மணலில் இருக்கிற அதே சிலிக்காவும் மெல்ல மெல்லப் போகும். கடைசியில் நிற்பது இரும்பும் அலுமினியமும். மலையக மண்ணின் சிவப்பு, அந்த இரும்பின் துருதான். வெயிலும் மழையும் குறையாத நாடுகளில்தான் இது இத்தனை ஆழத்துக்குப் போகிறது.

பிரயோசனம் என்றால், முதலில் தேயிலை. சத்தெல்லாம் கழுவிப்போன புளிப்பு மண்ணில் பல பயிர்கள் சோர்ந்துவிடும். தேயிலைக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும், அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிற செடி அது. இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டதும் இப்படிப்பட்ட மலைச்சரிவில்தான்.

அடுத்தது மாணிக்கம். சுற்றியுள்ள பாறை உக்கினாலும் நீலக்கல் உக்காது. ஆறு அதை இழுத்துவந்து பள்ளத்தில் சரளையோடு படிய வைக்கும். இரத்தினபுரியில் அந்தப் படிவை ‘இல்லம்’ என்பார்கள். எங்கள் ஊர் ஆற்றோரத்திலும் குழி தோண்டினவர்கள் உண்டு, அப்பா மட்டும் போனதில்லை.

மலைக்குக் கீழே தாழ்நிலத்தில் பாறை இப்படி உக்கினது கபொக் என்ற சிவப்புக் கல்லைக் கொடுத்திருக்கிறது. வெட்டும்போது மெத்தென்றிருக்கும், காற்றுப்பட்டால் இறுகிவிடும்; சுவர் கட்டுவார்கள். தெற்கே மீட்டியாகொடையில், பாறை உக்கி உண்டான வெள்ளைக் களியை எடுத்துப் பீங்கான் செய்கிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். உக்கின பாறை நிறையத் தண்ணீர் குடித்தால் நிற்காது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சனம் புதைந்தது மழையில் சரிந்த மலையில்தான். வீட்டுக்குப் பின்னால் கரையை வெட்டி இடம் எடுக்கிற யோசனையில் இதைக் கேட்டிருந்தால், முதலில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் காட்டுங்கள். அப்புறம் மண்வெட்டியை எடுக்கலாம்.