டெபாசிட்டுக்கு 18 சதவீதம் வட்டி, நகை மட்டும் அடகில்

கேள்வி: ஐயா, ரஷ்யாவில் அமூர் மாகாணத்து ஸ்வபோத்னி என்ற ஊரில் கேம்பில் தங்கி பைப் வெல்டராக இருக்கிறேன். வந்து ஒன்றரை வருடம். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி கொடுக்கிறது; வரி போக மாதம் 95,000 ரூபிள் கைக்கு வருகிறது. ஏஜென்ட் கடன் முடிந்துவிட்டது. இங்கே வங்கியில் 6 லட்சம் ரூபிளை 18 சதவீத வட்டிக்கு ஒரு வருட டெபாசிட் போட்டிருக்கிறேன். அது இரண்டு மாதத்தில் முதிர்கிறது. துவாக்குடியில் அண்ணன் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். அவசரம் என்று அவர் கேட்டபோது மூன்று தடவை மனைவியின் நகையை வைத்துக் கொடுத்தோம். வங்கியில் 10 சதவீதத்துக்கு நாலரை லட்சம், தனியார் ஃபைனான்ஸில் 18 சதவீதத்துக்கு இரண்டரை லட்சம். டெபாசிட்டை உடைக்காமல் நகையை வைப்பதுதான் லாபம் என்று நினைத்தேன். இப்போது இன்னும் 2 லட்சம் கேட்கிறார். மிச்சம் இருப்பது தாலிக்கொடியும் குழந்தை வளையலும்தான். மனைவி சரியாகப் பேசுவதில்லை. முதிரும் பணத்தைத் திரும்ப ரூபிளிலேயே போடலாமா, ரூம்மேட் சொல்வதுபோல் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி ஓடும் கிரிப்டோ காயின்) வாங்கி ஊருக்கு அனுப்பலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: ரூபிளா யுஎஸ்டிடியா என்பதை அப்புறம் பார்ப்போம். "டெபாசிட்டை உடைக்காமல் நகையை வைப்பதுதான் லாபம்" என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அண்ணனிடம் இல்லை என்று சொல்ல முடியாமல் போனதற்கு நீங்கள் பின்னால் கண்டுபிடித்த கணக்கு இது என்று நினைக்கிறேன். நகையை வைத்தால் உங்கள் கையிலிருந்து ஒரு ரூபிளும் போவதில்லை. அதனால் கொடுத்த மாதிரியே இருப்பதில்லை, மூன்று தடவை ஆகிவிடுகிறது.

சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வங்கிக் கடனுக்கு வருட வட்டி 45,000. தனியார் கடனுக்கும் 45,000. மொத்தம் 90,000, கிட்டத்தட்ட உங்கள் ஒரு மாதச் சம்பளம். மைனஸ் 30 டிகிரிக் குளிரில் வருடத்துக்கு ஒரு மாதம் முழுக்க இந்த வட்டிக்காகவே வெல்டிங் அடிக்கிறீர்கள். இந்தப் பக்கம் டெபாசிட்டில் 1,08,000 ரூபிள் வட்டி வரும். நீங்கள் போட்ட அன்று ஒரு ரூபிள் 1.08 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே விலை நின்றால் வட்டி சுமார் 1,16,000 ரூபாய். 90,000 போக 26,000 மிச்சம். இதைத்தான் லாபம் என்கிறீர்கள்.

ரூபிள் அப்படி ஓரிடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. 2022 ஜூன் கடைசியில் 1.40 ரூபாயைத் தாண்டியிருந்தது, 2023 ஆகஸ்டில் 90 காசுக்கும் கீழே போனது. முதிரும் நாளில் 90 காசாக இருந்தால் 7,08,000 ரூபிளுக்குக் கிடைப்பது 6,37,000 ரூபாய். நீங்கள் போட்டதே 6,48,000. அசலில் 11,000 குறைந்து, அதற்கு மேல் நகை வட்டி 90,000 தண்டம். ரூபிள் ஏறவும் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் ரஷ்ய மத்திய வங்கி 2024 அக்டோபரில் வட்டி விகிதத்தை 21 சதவீதம்வரை கொண்டுபோனதே விலைவாசியை அடக்க முடியாமல்தான். அந்தப் பெரிய வட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அதற்காக இன்றைக்கே டெபாசிட்டை உடைக்காதீர்கள். இடையில் எடுத்தால் அங்கே வட்டி பெரும்பாலும் 0.01 சதவீதம்தான். இரண்டு மாதம் பொறுங்கள். ஒரு ரூபிள் ஒரு ரூபாயாக இருந்தாலே 7,08,000 வரும், மூன்று நகையின் அசலும் அடைந்துவிடும். வட்டிப் பாக்கிக்குச் சம்பளத்திலிருந்து எடுங்கள். கொஞ்சம் குறைந்தால் 18 சதவீதக் கடனை முதலில் முடியுங்கள். மறுபடி டெபாசிட் போடுவதை நகை வீட்டுக்கு வந்த பிறகு பேசலாம்.

யுஎஸ்டிடி வேண்டவே வேண்டாம். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் கடையைக் கட்டியதிலிருந்து இந்த யோசனை எல்லா கேம்பிலும் சுற்றுகிறது. நீங்கள் அங்கே காயினை விற்றால், முகம் தெரியாத ஒருவர் இங்கே உங்கள் மனைவி கணக்கில் ரூபாய் போடுவார். அது யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால் சைபர் கிரைம் போலீஸ் முடக்குவது உங்கள் மனைவியின் கணக்கைத்தான். புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கும். அந்த அலைச்சல் அவருக்கு எதற்கு? ரஷ்யாவின் ஸ்பெர் வங்கிக்கு டெல்லியிலும் மும்பையிலும் கிளை இருக்கிறது. கமிஷன் கொஞ்சம் கூடப் போனாலும் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

இனி அண்ணன். உங்களை ஐடிஐ படிக்க வைத்தவராகக்கூட இருக்கலாம், அந்த நன்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பட்டறைக்கு மூன்று தடவை அவசரம் வந்தால் அதற்குப் பெயர் அவசரம் இல்லை. அநேகமாகப் பில் பணம் நேரத்துக்கு வருவதில்லை. அவரிடம் உத்யம் பதிவு, அதாவது சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. தராவிட்டால் அதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். நடைமுறை மூலதனத்துக்கு முத்ரா கடன் கேட்கலாம். பெரிய கம்பெனியைப் பகைத்துக்கொள்ள முடியாது என்பார். இருக்கட்டும், அந்தத் தயக்கத்துக்கு உங்கள் வீட்டு வளையல் ஈடு இல்லையே. கொடுத்தே ஆகவேண்டும் என்று மனம் சொன்னால் சம்பளத்திலிருந்து மாதம் 5,000, திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள். நகைப் பேச்சு கிடையாது.

அவர் இங்கே இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் "சரிண்ணே, வச்சுக் குடுக்கச் சொல்றேன்" என்று வாய் சொல்லிவிடும். ஸ்வபோத்னி என்றால் ரஷ்ய மொழியில் சுதந்திரமானது என்று அர்த்தமாம்; உங்கள் போன் மட்டும் இன்னும் அண்ணன் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். அடுத்த லீவு நாள் பகலில் நீங்களே கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் மனைவியிடம் பேசி, மூன்று அடகுச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தனியார் சீட்டில் கெடு தேதி என்ன என்று முதலில் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் வந்துவிட்டால், இந்த மாதச் சம்பளத்தில் அந்த வட்டியைக் கட்டி ஏலத்துக்குப் போகாமல் நிறுத்திவிட்டுத்தான் மற்றதெல்லாம்.